எறும்புத்தின்னி வரைவது எப்படி? ஓடு வேயும் கணக்கில் ஒரு செய்முறை

நான் முதன்முதலாக வரைந்த எறும்புத்தின்னியைப் பார்த்து அப்புச்சி (அம்மாவின் அப்பா) சிரித்துவிட்டார். காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஊர்களில் நாற்பது வருடம் கூரைக்கு ஓடு வேய்ந்தவர் அவர். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ஓடெல்லாம் தலைகீழாக இருக்கிறதே கண்ணு, ஒரு மழை பெய்தால் உள்ளே குளம் கட்டிவிடுமே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து இழைத்த படம். மறுநாள் ஆற அமரப் பார்த்தபோதுதான் புரிந்தது: செதில்களின் நுனி எல்லாம் தலையைப் பார்த்து நின்றன. அப்படி ஒரு விலங்கு வேலாமரத்துக்கு அடியில் நுழைந்தால் முள்ளில் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கூரைக் கணக்கிலேயே மறுபடி வரைந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். பென்சில் பிடிக்கத் தெரிந்தால் போதும். இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்குங்கள். முதல் மாலை பென்சில், இரண்டாவது மாலை வண்ணம். வரையப்போவது நம் நாட்டு எறும்புத்தின்னி, பக்கவாட்டில், நடக்கும் நிலையில்.

படி 1: சரியான விலங்கைத் தேடுங்கள்

அழுங்கு, அலங்கு, எறும்புண்ணி, எறும்புத்தின்னி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பிடித்த பிடியை விடாதவனை 'அழுங்குப் பிடி' பிடிக்கிறான் என்று சொல்வதுண்டு. இணையத்தில் தேடும்போது இந்தப் பெயர்களே காலை வாரிவிடும். 'அலங்கு' என்று தட்டினால் வேட்டை நாய் வரும். 'எறும்புத்தின்னி' என்றால் சில சமயம் தென் அமெரிக்காவின் 'ஆன்ட்ஈட்டர்' வரும். அதற்கு உடம்பெல்லாம் முடி, செதில் ஒன்றுகூடக் கிடையாது. இன்னும் சிலர் அர்மடில்லோவின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். அதன் முதுகில் இருப்பது பட்டை பட்டையான ஓடு. 'பாங்கோலின்' என்று தேடுங்கள். சுருண்டுகொள்வது என்ற பொருளில் மலாய் மொழியிலிருந்து வந்த சொல் அது.

பாங்கோலினிலும் எட்டு இனங்கள் உண்டு. நான்கு ஆசியாவில், நான்கு ஆப்பிரிக்காவில். நல்ல, தெளிவான, பகல் வெளிச்சத்துப் படங்களில் பல ஆப்பிரிக்காவின் தரைவாழ் இனத்தைக் காட்டுபவை. அது பின்னங்கால் இரண்டால் நடக்கும். முன்னங்கால்களை மார்போடு சேர்த்துக்கொண்டு, கைகட்டி நிற்கும் வாத்தியார்போல் குனிந்து போகும். பார்க்க அழகுதான். ஆனால் அதைப் பார்த்து வரைந்துவிட்டு, பின்னணியில் சென்னிமலையைப் போட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நம்முடையது நான்கு காலில் நடப்பது. கரையான் புற்றை மோந்து பார்க்கவோ சுற்றிலும் கவனிக்கவோ வாலை ஊன்றிக்கொண்டு எழுந்து நிற்கும், அவ்வளவுதான்.

படம் ஆசிய இனமா என்று தெரிந்துகொள்ள இரண்டு இடத்தைப் பாருங்கள். காது மடல் சிறிதாகவாவது வெளியே தெரிகிறதா? செதில்களுக்கு இடையில் துடைப்பக் குச்சிபோல் சில முடிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? இரண்டும் இருந்தால் ஆசிய இனம். அதிலும் செதில்கள் பெரிது பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருந்து, வால் அடியில் பருத்திருந்தால் பெரும்பாலும் நம்முடையதுதான். அதன் அறிவியல் பெயரில் உள்ள 'கிராசிகாடேட்டா' என்பதற்கே தடித்த வால் என்றுதான் பொருள்.

படி 2: வரைவதற்கு முன் படத்தைப் படியுங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இது. நான் இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

ஐந்தாறு வருடங்களாக நான் சேர்த்து வைத்திருக்கும் ஒளிப்படங்களை ஒருநாள் தரையில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பயந்துபோன விலங்கின் படங்கள். சுருண்டு உருண்டையாகிக் கிடப்பவை. யாரோ வாலைப் பிடித்துத் தூக்கியிருப்பவை. சாக்குப்பையிலிருந்து அப்போதுதான் எடுத்து, சுற்றிலும் பத்துப்பேர் கால்கள் தெரிய, சிமெண்டுத் தரையில் விட்டவை. படம் தெளிவாகத்தான் இருக்கும், செதில்களை எண்ணிவிடலாம். ஆனால் அந்த நிலைகளிலிருந்து உடல்வாகைக் கற்றுக்கொண்டால் தப்பாகத்தான் கற்றுக்கொள்வீர்கள். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் முதுகு நீண்டு, செதில்கள் விலகி, கால்கள் நாலு பக்கமும் பரந்து நிற்கும். அது அந்த விலங்கின் வடிவமே இல்லை. கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கோழி வரையக் கற்றுக்கொள்வோமா?

ஆகவே ஒவ்வொரு படத்தையும் எடுத்து, இந்த நேரத்தில் இதற்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். முகம் வயிற்றுக்குள் புதைந்திருந்தால் பயம். மனிதக் கை எங்காவது தெரிந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். மறுவாழ்வு மையங்களில் பராமரிப்பவர் தள்ளி நிற்க, விலங்கு தன்போக்கில் மேயும் படங்கள் உண்டு. அவைதான் தங்கம்.

தானியங்கிக் கேமராப் படங்கள் இன்னொரு வகை. காட்டில் புலிக் கணக்கெடுப்புக்காக மரத்தில் கட்டிவைக்கும் கேமராக்களில் எறும்புத்தின்னியும் அவ்வப்போது சிக்குகிறது. அகச்சிவப்பு ஒளியில் எடுப்பதால் படம் கறுப்பு வெள்ளையில் இருக்கும். செதில் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துத் தெரியும். வண்ணத்துக்கு அது உதவாது. நடைக்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது. யாரும் பார்க்காதபோது அது எப்படி நடக்கிறது, தலையை எவ்வளவு தாழ்த்துகிறது, முதுகு எங்கே வளைகிறது என்று அதில்தான் தெரியும்.

பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த உடல்களைப் பார்த்து வரைகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தோல் காய்ந்து சுருங்கும்போது செதில்கள் தூக்கிக்கொள்ளும். உள்ளே வைக்கோலைத் திணித்தவர் உயிருள்ளதைப் பார்த்திருக்க மாட்டார், பெரிய கண்ணாடிக் கண்ணை வேறு வைத்திருப்பார். பழைய ஐரோப்பிய அச்சுப்படங்களில் எறும்புத்தின்னி செதில் வைத்த பல்லிபோல் தட்டையாகக் கிடப்பதற்கும் காரணம் இதுதான். கப்பலில் வந்து சேர்ந்த காய்ந்த தோலைப் பார்த்துப் பலர் வரைந்தார்கள். இதைப் பல்லி இனம் என்றே எழுதியவர்களும் உண்டு. குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு இது. மெய்யான செதில் உள்ள ஒரே பாலூட்டியும் இதுதான்.

ஒரே ஒரு படத்தை மட்டும், வரைவதற்காக அல்லாமல் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். உலக அளவிலான வனவிலங்கு ஒளிப்படப் போட்டி ஒன்றில் 2016-ஆம் ஆண்டு செய்திப்படப் பிரிவில் விருது வாங்கிய பால் ஹில்டனின் படம். இந்தோனேசியாவின் சுமத்ராவில் பிடிபட்ட கடத்தல் சரக்கு. உறைபனி விட்டுக்கொண்டிருக்கும் எறும்புத்தின்னிகள், ஏறத்தாழ 4,000, ஒரு குழியில் குவிந்து கிடக்கின்றன. உறைந்த மீன்களுக்குப் பின்னால் சரக்குப் பெட்டகத்தில் ஒளித்து வைத்திருந்தவை. நாம் ஆசையாகக் கற்றுக்கொள்ளப்போகும் அதே செதில் அடுக்குதான் அந்தப் படத்திலும் இருக்கிறது. எது எந்த உடம்பின் செதில் என்றுதான் பிரித்துச் சொல்ல முடியாது. அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மாநாடு எட்டு இனங்களையும் முதல் பட்டியலில் சேர்த்து, பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நடக்கும் எறும்புத்தின்னியை மட்டுமே முதல் பாடமாக வைப்பது என்று முடிவு செய்தேன்.

படி 3: தாளும் பென்சிலும்

ஏ3 அளவுத் தாள் ஒன்று, படுக்கைவாட்டில். எச்பி, 2பி, 4பி பென்சில்கள். சாதாரண அழிப்பான் போதும். வண்ணத்துக்குப் போஸ்டர் கலர்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள் காவி, செங்காவி, நீலம். தட்டைத் தூரிகை ஒன்று, கூர் நுனித் தூரிகை ஒன்று. விலை உயர்ந்தவை வேண்டாம், பள்ளிக்கூடக் கடையில் கிடைப்பதே போதும்.

படி 4: உடம்பின் கட்டு

முதலில் வாலுக்கு இடம் ஒதுக்குங்கள். தொடக்கக்காரர்கள் மூக்கிலிருந்து தொடங்கி அழகாகப் போய், கடைசியில் தாள் முடிந்துவிட, வாலை மடக்கிக் குட்டையாக்கிவிடுவார்கள். தாளின் இருபக்கமும் 5 செ.மீ. விட்டுவிடுங்கள். நடுவில் கிடைக்கும் 32 செ.மீ. நீளத்தில் தலைக்கு 4, உடம்புக்கு 15, வாலுக்கு 13. இது தாளில் நான் கைக்கணக்காக வைத்துக்கொண்ட அளவு, ஏறக்குறைய சரியாக வரும்.

எச்பி பென்சிலால் மெல்லிதாக ஒரு வளைகோடு போடுங்கள். மூக்கு தரைக்கு அருகில் தொடங்கி, கழுத்தில் ஏறி, முதுகின் நடுவில் உச்சிக்குப் போய், இடுப்பில் இறங்கி, வால் நுனியில் தரையை ஒட்டி முடிய வேண்டும். வண்டி மாட்டின் திமில்போல் திடீரென்று தூக்கக் கூடாது. படுத்திருக்கும் குன்றுபோல் இருக்கட்டும்.

அந்தக் கோட்டில் மூன்று வடிவங்களைத் தொங்கவிடுங்கள். தலைக்கு ஒரு சின்னக் கூம்பு. உடம்புக்கு ஒரு நீள்முட்டை, உயரம் 7 செ.மீ. வாலுக்கு ஒரு நீண்ட முக்கோணம். வால் தொடங்கும் இடத்தில் அதன் பருமன் இடுப்பின் பருமனுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாய்க்கும் மாட்டுக்கும் ஒட்டவைப்பதுபோல் வாலை இங்கே ஒட்டவைக்க முடியாது. உடம்பே மெலிந்து மெலிந்து வாலாக முடிகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தும் அப்படித்தான், தனியாகத் தெரியவே தெரியாது.

படி 5: கால்கள்

குட்டைக் கால்கள். பின்னங்கால் தூண்போல் இருக்கும், பாதம் முழுதாகத் தரையில் படியும். கிட்டத்தட்ட யானைக் குட்டியின் கால்போலத்தான். முன்னங்கால்தான் சூட்சுமம். ஒவ்வொரு காலிலும் ஐந்து நகங்கள் இருந்தாலும், முன்காலில் நடு மூன்றும் நீண்டு வளைந்து, மண்வெட்டி வேலை செய்பவை. நடக்கும்போது அவை தேய்ந்துவிடாதபடி உள்பக்கமாக மடக்கிக்கொண்டு, மடித்த கையை ஊன்றுவதுபோல் நடக்கும். எனவே நடக்கும் படத்தில் நகங்கள் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. மடங்கிய முட்டியையும் அதற்குப் பின்னால் நகங்களின் முதுகையும் மட்டும் காட்டுங்கள். கரடி நகம்போல் முன்னால் நீட்டி வரைந்த படங்களை அச்சிட்ட பாடப் பலகைகளில்கூடப் பார்த்திருக்கிறேன்.

படி 6: புள்ளி வைத்தல்

மார்கழிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படி பத்து நிமிட வேலை. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று இரண்டு வகை இருக்கிறதல்லவா? எறும்புத்தின்னி ஊடுபுள்ளிக் கோலம். ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் அடுத்த வரிசையின் புள்ளி விழும்.

நம் நாட்டு எறும்புத்தின்னியின் நடு உடம்பில், ஒரு விலாவிலிருந்து முதுகைத் தாண்டி மறுவிலா வரை எண்ணினால் 11 முதல் 13 வரிசைச் செதில்கள் இருக்கும். ஒரு வரிசை சரியாக முதுகுத்தண்டின் மேலேயே ஓடும். அப்படியானால் பக்கவாட்டில் பார்க்கும் நமக்குத் தெரிவது, முதுகு விளிம்பில் பாதியாகத் தெரியும் நடு வரிசையும், அதற்குக் கீழே ஐந்து அல்லது ஆறு வரிசைகளும்தான். முதல் படத்தில் நான் பதினாறு வரிசை போட்டிருந்தேன். மொத்த உடம்பிலும் சேர்த்தே ஏறத்தாழ 160 முதல் 200 செதில்கள்தான். பொடிப்பொடியாக ஐந்நூறு போட்டுக் கையை ஒடித்துக்கொள்ள வேண்டாம்.

முதுகுக் கோட்டுக்கு இணையாக, தலையிலிருந்து வால் வரை ஐந்து மெல்லிய கோடுகள் இழுங்கள். இடைவெளி ஒரே அளவாக இருக்கக் கூடாது. உடம்பு உருளை என்பதால் முதுகுக்கு அருகில் உள்ள வரிசை நமக்குச் சாய்ந்து தெரியும், அதனால் ஒடுங்கியிருக்கும். மேலிருந்து 0.8, 1.2, 1.5, 1.5, 1.2 செ.மீ. என்று வைத்துப் பாருங்கள். தண்ணீர்க் குடத்தின்மேல் கோடு போட்டால் விளிம்பில் நெருங்கியும் நடுவில் விலகியும் தெரியுமே, அதேதான். வாலை நோக்கிப் போகப்போக எல்லாக் கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கட்டும்.

இப்போது கோடுகளின்மேல் ஊடுபுள்ளியாகப் புள்ளி வையுங்கள். முதுகிலும் வாலிலும் தள்ளித் தள்ளி, தலைப்பக்கமும் காலிலும் நெருக்கி.

படி 7: ஓடு வேய்தல்

ஓட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். கூரை உச்சியான மோட்டிலிருந்து தண்ணீர் கீழ் விளிம்பான இறவாரத்துக்கு ஓட வேண்டும். அதற்காக மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எறும்புத்தின்னிக்கு மூக்குதான் மோடு, வால் நுனிதான் இறவாரம். ஒவ்வொரு செதிலும் தலைப்பக்கம் தோலில் ஊன்றியிருக்கிறது, வால்பக்கம் விடுபட்டு நிற்கிறது. அந்த விடுபட்ட நுனி அடுத்த செதிலின் வேரை மூடுகிறது.

இங்கேதான் பென்சிலுக்கும் வண்ணத்துக்கும் திசை மாறுகிறது. யாரும் எனக்குச் சொல்லித்தராத விஷயம் இது. பென்சிலில் வரையும்போது தலையிலிருந்து வாலுக்குப் போங்கள். முன்னால் இருக்கும் செதில் முழுதாகத் தெரியும், அதை முதலில் போட்டுவிட்டால் பின்னால் வருவதை அதன் அடியில் செருகிவிடலாம், அழிக்க வேண்டியதில்லை. போஸ்டர் கலரோ களிமண்ணோ என்றால் வாலிலிருந்து தலைக்கு வாருங்கள். ஒவ்வொரு புதிய செதிலும் முன்னே போட்டதன்மேல் ஏறி உட்காரும். ஓடு வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி மோட்டுக்கு ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

ஒரு செதிலின் வடிவத்தைத் தனித்தாளில் பத்துத் தடவை போட்டுப் பழகுங்கள். மீன் செதில்போல் அரைவட்டம் போட்டுவிடாதீர்கள். கொத்தனாரின் கரண்டி நுனியைக் கொஞ்சம் மழுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அகலம், நுனியில் மொண்ணை. வேரிலிருந்து நுனியை நோக்கி மெல்லிய வரிகள் ஓடும். வளையில் உரசி உரசி விளிம்பு தேய்ந்திருக்கும், அங்கங்கே மூளி விட்டிருக்கும். ஏழெட்டுச் செதிலுக்கு ஒன்றில் மூளி காட்டினால் படம் உயிர்பெறும். எல்லாச் செதிலும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் பொம்மைதான்.

வாலின் ஓரத்தில் மட்டும் வடிவம் மாறும். அங்கே செதில் விளிம்பைக் கவ்வியபடி மேலும் கீழுமாக மடிந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அரிவாளின் கருக்குப்போல் பல்பல்லாகத் தெரியும்.

கையில் மாதிரி வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போய்வருகிறவர்களிடம் ஒரு பைன் காய் வாங்கிவரச் சொல்லுங்கள். மேசைமேல் படுக்கவைத்து, பக்கவாட்டில் விளக்கு வைத்து நாலு தடவை வரையுங்கள். எறும்புத்தின்னியைத் தேடி எங்கும் போகாமலேயே அடுக்கும் நிழலும் கைக்கு வந்துவிடும். பைன் காயில் அடுக்கு சுற்றிச் சுற்றி ஏறும், இங்கே நேர் வரிசை. அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் தாளைச் சுவரில் சாய்த்துவைத்து அப்புச்சியின் சோதனையைச் செய்யுங்கள். கழுத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதாக நினைத்து, விரலால் அதன் பாதையில் போங்கள். எந்தச் செதிலின் வாய்க்குள்ளாவது தண்ணீர் புகுந்தால் அந்த இடம் தப்பு. என் இரண்டாவது படத்தில் இடது தோள்பட்டையில் ஒழுகியது.

படி 8: முகம்

கண்ணைச் சின்னதாகப் போடுங்கள். இன்னும் சின்னதாக. மிளகு அளவு போதும், தடித்த இமை, உள்ளே கறுப்பு. படத்தைப் பார்க்கிறவர் "அய்யோ பாவம்" என்று சொல்ல வேண்டும் என்பதற்காக மான் கண் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவில் மோப்பத்தை நம்பி வாழும் விலங்கு இது, மூக்குதான் அதற்குக் கண். மூக்கு நுனி ஈரமாக, செதிலில்லாமல் இருக்கும். கன்னம், தொண்டை, வயிறு, கால்களின் உள்பக்கம் எதிலும் செதில் கிடையாது. வெளிறிய தோலும் அரிதாகச் சில முடியும்தான். நெற்றியில் சின்னச் சின்னச் செதில்கள் தொப்பிபோல் வந்து கண்ணுக்கு மேலேயே நின்றுவிடும்.

நாக்கை நீட்டியபடி வரையலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். எதிரே கரையான் புற்று இருந்தால் வரையலாம். நடந்து போகும்போது நாக்கை நீட்டிக்கொண்டு எதற்குப் போக வேண்டும்? பல்லே இல்லாத வாய், நாக்கின் வேரோ விலா எலும்புகள் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் அவர்களே நாக்கை மறந்துவிட்டு அதைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள்.

படி 9: நிழலும் வண்ணமும்

செதிலை எல்லாரும் கவசம் என்கிறார்கள், அந்தச் சொல்தான் வண்ணத்தைக் கெடுக்கிறது. இரும்புபோல் மினுக்கிவிடுகிறார்கள். இந்தியாவில் எறும்புத்தின்னிச் செதிலாலேயே செய்து பொன்வேலைப்பாடு செய்த உடுப்பு ஒன்று, 1820-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாகப் போயிருக்கிறது. அந்த மினுக்கு ராஜாவுக்கு. நமக்கு வேண்டியது நகத்தின் மங்கல். செதில் கெரட்டின் என்ற பொருளால் ஆனது. நம் விரல் நகமும் காங்கேயம் காளையின் கொம்பின் மேலுறையும் அதே பொருள்தான். கொம்பில் வெயில் படும்போது பளீர் என்று வெட்டாது, மெழுகுபோல் மெல்லப் பரவும். கட்டுத்தறிக்குப் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வந்து வண்ணத்தைத் தொடுங்கள்.

மஞ்சள் காவியில் கொஞ்சம் கறுப்புக் கலந்தால் அடிநிறம். உடம்பு முழுவதும் பூசிக் காயவிடுங்கள். பிறகு வாலிலிருந்து தொடங்கி, செதில் செதிலாக, அடிநிறத்தில் துளி வெள்ளையும் துளி செங்காவியும் கலந்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொன்றின் வேரிலும் இருட்டு, நுனியில் வெளிச்சம். வளை தோண்டும் விலங்கு என்பதால் மண் ஒட்டியிருக்கும். செம்மண் காடென்றால் செங்காவியைக் கூட்டுங்கள். நகங்களுக்கும் வயிற்றோரத்துக்கும் மறக்காமல் மண் பூசுங்கள்.

கருமையை மொத்தமாக 4பி-யில் அப்பிவிடாமல், செதில்களின் அடி இடுக்கில் மட்டும் வையுங்கள். அந்த இடுக்குதான் தடிமனைக் காட்டும்.

படி 10: நிற்கும் இடம்

பின்னணிக்கு மழைக்காடு வேண்டாம். நம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காடு போதும். கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த கொழுக்கட்டைப்புல், ஓரமாக ஒரு கரையான் புற்று. எறும்பும் கரையானும்தான் இதன் சாப்பாடு, வறண்ட காட்டு ஓரங்களும் இதற்கு வீடுதான். இரவு என்று காட்ட வானத்தைக் கறுப்பாக்காதீர்கள். நீலத்தில் சாம்பல் கலந்து பூசி, விலங்கின் முதுகு வரிசையில் மட்டும் நிலா வெளிச்சத்தை ஒரு கோடாக வையுங்கள்.

ஆசைப்பட்டால் ஒரு குட்டியும் சேர்க்கலாம். பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். அது தாயின் வால் தொடங்கும் இடத்தில் குறுக்கே கவ்விக்கொண்டு சவாரி செய்யும். அதன் செதில்கள் வெளிறியும் மென்மையாகவும் இருக்கும், கோட்டை அழுத்தாமல் போடுங்கள்.

படி 11: உருண்டை

நடக்கும் படம் மூன்றாவது வரைந்து முடித்த பிறகு உருண்டைக்கு வாருங்கள். ஒரு வட்டம் போட்டுச் செதில் நிரப்பிவிடலாம் என்று தோன்றும், அப்படிப் போட்டால் அன்னாசிப்பழம்தான் வரும். அதற்குள் தலை, கால், வால் எல்லாம் இருக்கின்றன. முகம் வயிற்றில் புதைந்திருக்கும். அதை மூடிக்கொண்டு வால் குறுக்கே வந்து மறுபக்கத் தோளில் முடியும். முதலில் வாலின் பட்டையைப் போடுங்கள், பிறகு முதுகின் வளைவு, கடைசியில் இரண்டுக்கும் நடுவிலுள்ள இருட்டு இடுக்கு. தாய் சுருளும்போது குட்டி அந்த இடுக்குக்குள்தான் இருக்கும்.

படி 12: கேமரா வைத்திருப்பவர்களுக்கு

எறும்புத்தின்னியை நேரில் படமெடுக்க எங்கே போகலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். எங்கும் போக வேண்டாம் என்பதுதான் என் பதில். சத்தியமங்கலமும் ஆனைமலையும் புலிகள் காப்பகங்கள். அனுமதியில்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம், இரவில் என்றால் யானையும் உண்டு. திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. இந்திய எறும்புத்தின்னி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஏழு ஆண்டு வரை சிறை. படத்துக்காகப் பிடித்து வைத்திருந்தேன் என்ற சாக்கு அங்கே செல்லாது.

தோட்டத்து வழியில் தற்செயலாக எதிர்ப்பட்டால் வண்டியை நிறுத்தி, முகப்பு விளக்கைத் தாழ்த்திவிட்டு, அது கடந்து போகும்வரை இருங்கள். பிளாஷ் அடிக்க வேண்டாம், சுற்றி நிற்க வேண்டாம், தொடவே வேண்டாம். கிணற்றில் விழுந்தோ கம்பி வேலியில் மாட்டியோ கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கை துறுதுறுக்கிறது என்றால் அது விட்டுச்சென்றதைப் படமெடுங்கள்: நகக்கீறலோடு பிளந்து கிடக்கும் கரையான் புற்று, ஈர மண்ணில் கால் தடம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்தால் கீறலின் ஆழம் தெரியும். உங்கள் ஓவியப் பின்னணிக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

ஒரே ஒரு வேலை பாக்கி. செல்பேசியில் எடுக்கும் படத்துக்குள் இடத்தின் விவரமும் பதிந்துவிடும். புற்று, தடம், வளை எதை எடுத்தாலும், எடுப்பதற்கு முன்பே கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுங்கள். ஊர்ப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தலைப்பில் எழுதாதீர்கள். வேறொருவரின் ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு, அவர் பெயரையும் போடுங்கள். ஓவியத்தைப் படமெடுக்கத் திண்ணை நிழல் போதும், காலை ஒன்பது மணிக்கு முன்னால்.